பெரிய டாக்டர்

"உங்களைப் பாத்தாலே எனக்கு பயமா இருக்கு. பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க."

சம்மதக் கையெழுத்துக்காக நீட்டிய தாளை மகன் வாங்கவே இல்லை. எதிரே நின்ற பெண் டாக்டர் குள்ளமாக, ஒல்லியாக இருந்தார். குரலும் குழந்தைக் குரல். முதுகில் ஒரு பையை மாட்டிவிட்டால் எட்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம்.

"விழுந்ததுல அம்மாவோட மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. மூளையை அழுத்துது. உடனே திறந்து எடுக்கணும் சார்."

"யாரு, நீங்களா? அது எங்கம்மா தலை. பழகிப் பாக்கற இடம் இல்ல."

"இது மாதிரி நிறைய பண்ணியிருக்கேன்."

"எப்போ? பள்ளிக்கூடத்துலயா?"

தங்கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணா, போட்டுடுண்ணா. அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி வருது."

"நீ சும்மா இரு. ஏதாவது ஆச்சுன்னா நாளைக்கு நீயே என்னைத்தான் கேப்பே."

டாக்டரின் முகம் மாறவில்லை. "நான் தியேட்டரைத் தயார் பண்றேன். நீங்க யோசிக்கிற நேரம் அம்மாவோட நேரம் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

தலைமை நர்ஸ் மகனை ஒரு கணம் முறைத்தார். "இருங்க, பெரியவரைக் கூட்டிட்டு வரேன்" என்று வேகமாக நடந்தார்.

வந்தவர் நெடிய மனிதர். வெள்ளி முடி, தடித்த கண்ணாடி, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைக் கோட்டு. மகன் தன்னையறியாமல் எழுந்து நின்றான்.

"சார், அந்தப் பொண்ணு கையில கத்தியக் குடுக்க எனக்கு மனசு வரல. விவரம் தெரிஞ்ச முகமாவா இருக்கு அது? நீங்களே சொல்லுங்க."

பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். அந்த மௌனத்துக்குள் எத்தனை வருட அனுபவம் இருக்குமோ என்று மகன் நினைத்துக்கொண்டான். உள்ளே அம்மாவின் மூச்சு கரகரத்தது.

"அவங்களே பண்ணட்டும்" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. "போடுங்க."

மகன் போட்டான்.

கதவு மூடியது. தங்கை சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். பெரியவர் போகவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து, அவர்களைப் போலவே அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது.

கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கினார்.

"கூப்பிட்டா கண் திறக்கறாங்க. கையை அசைக்கச் சொன்னா அசைக்கறாங்க. பொழைச்சிட்டாங்க."

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மகன் டாக்டரைத் தாண்டி ஓடினான். பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"உங்க ஒரு வார்த்தை சார்! எங்கம்மாவைக் காப்பாத்திட்டீங்க!"

பெரியவர் கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டார். நர்ஸோடு வார்டுக்குள் நடந்தார். கடைசிக் கட்டிலருகே நின்று கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். உள்ளே, நோயாளிகளுக்குக் கொடுக்கும் நீலச் சட்டை.

கட்டிலில் ஏறிப் படுத்தவர், "சிஸ்டர், இந்தச் சின்னப் பொண்ணா எனக்கு ஆபரேஷன் பண்ணப் போகுதுன்னு காலைல ஒரு தாளைத் தூக்கிப் போட்டேனே, அதைக் கொண்டாங்க. கையெழுத்துப் போடறேன்" என்றார்.