வேண்டாம் என்றவர்கள்

அது கல்லறைத் திருநாள் அன்றா, அதற்கடுத்த ஞாயிறா என்று றெஜினாவுக்கு இப்போது நிச்சயமில்லை. பூசை முடிந்து வந்து சோறு பரிமாறியது நினைவிருக்கிறது. அப்போது குடியிருந்த ரூஜில் அன்று முழுக்கத் தூறியதும்.

ஹூஸ்டனிலிருந்து ஜூலியன் வந்திருந்தான். அவள் கணவன் சீமோனின் தம்பி.

அவனிடம் அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சீமோனை எங்கே புதைத்தார்கள்?

போருக்குப் பிள்ளைகளைக் கொடுக்க வேண்டாம் என்று ஊர்க் கோயில் வாசலில் நின்று சொன்னதற்காகச் சீமோனை இயக்கம் கூட்டிக்கொண்டு போனது. அப்போது ஜூலியனும் இயக்கத்தில் இருந்தான்.

அதன் பிறகு, கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் தங்கள் தங்கள் கல்லறையைத் தேடிப் போக, அவள் சவக்காலையின் நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துவாள். கல்லறை இல்லாதவர்களுக்கு அதுதான் இடம்.

ஜூலியன் டெக்சாஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அது அமெரிக்காவை விட்டுப் பிரியத்தான் வேண்டும் என்பது அவன் கட்சி.

"எங்களிட்டை எண்ணெய் இருக்கு, துறைமுகம் இருக்கு. வாஷிங்டன்காரனுக்கு ஏன் தலையாட்ட வேணும்?"

"எங்களிட்டையோ?" என்றான் றெஜினாவின் தம்பி றெமிஜியஸ். "குதிரையையும் தொப்பியையும் எங்கை அண்ணை விட்டிட்டு வந்தனீங்கள்?"

எல்லோரும் சிரித்தார்கள். றெமிஜியஸின் மகள் ஜெனாட் மட்டும் சிரிக்கவில்லை.

"பட் அங்கிள், பிரிய வேண்டாம் எண்டு சொல்லுற ஆக்களும் அங்கைதானே இருக்கினம்? அவையை என்ன செய்வீங்கள்?"

"முதல் சொல்லிப் பாக்கிறது, பிள்ளை. கேக்காட்டி…"

ஜூலியன் நிறுத்தினான். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

பிறிஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.

அவன் றெஜினாவைப் பார்த்தான்.

கேட்பதென்றால் இப்போதுதான். இந்த நேரத்தில் கோபம் வரும், அழுகை வரும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட வாய் போல இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ, தம்பி?"

"போடுங்கோ, அண்ணி."

வெளிக்கிடும்போது, சப்பாத்துக்கு நாடா கட்டக் குனிந்தவன் நிமிராமலே சொன்னான்.

"நீங்கள் கேப்பீங்கள் எண்டுதான் வந்தனான்."

றெஜினா அவனுடைய கோட்டை எடுத்து நீட்டினாள்.

பிறகு றெமிஜியஸ் விட்பியில் வீடு வாங்கினான். றெஜினாவும் அவர்களோடு போனாள். ஜெனாட் சட்டம் படிக்கிறாள். டெக்சாஸ் எங்கேயும் போகவில்லை.

ஜூலியன் பெப்ரவரியில் மாரடைப்பில் இறந்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சீமோனைக் கூட்டிக்கொண்டு போனவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்தது அவன்தான்.