சாவி கைமாறிய பிறகு

"லேப்டாப் எங்க?" என்றாள் ஸில்கே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே.

"வீட்ல." ஹென்னிங் வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"அடேங்கப்பா! கல்யாணத்தன்னிக்கே அதை மடியில வச்சிருந்த ஆளாச்சே நீ!" சிரித்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது. இன்னும் கால் மணியில் இதய ஆபரேஷன்.

ஹென்னிங் எழுதியது ஒரு சின்ன மென்பொருள். ஆஸ்பத்திரி மெஷின்களில் வெளியாள் எவனும் புகுந்து கைவைக்காதபடி பூட்டுப் போடுவது. திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனி முழுக்க ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன, நன்றி என்று ஒரு வரி எழுதத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. கீல் நகரத்தில் உட்கார்ந்துகொண்டு இருபது வருஷம் ஒற்றை ஆளாக அதோடு மாரடித்தார் மனுஷன்.

இரண்டு வருஷம் முன்பு ஸில்கே படுத்துவிட்டபோது, மென்பொருளின் பொதுப் பக்கத்தில் புலம்பிவிட்டார். 'என்னால் முடியவில்லை. அரசு உதவித் திட்டத்துக்கு மனுப் போட்டிருக்கிறேன். பதிலையே காணோம்.'

பத்தாம் நாள் யோனாஸ் எழுதினான். 'அரசுத் திட்டத்திலிருந்து உங்களுக்கு உதவ வந்திருக்கிறேன்.' அன்று முதல் பிழைகளை எல்லாம் அவன்தான் திருத்தினான். ஹென்னிங் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் யாரும் பார்ப்பதில்லை, வேலையைப் பார்த்துத்தான் ஆளை நம்புவது.

"போன வாரம் சாவியையே அவன்கிட்ட கொடுத்துட்டேன். இனிமே என்னைக் கேக்காமலே எதை வேணா மாத்தலாம். நான் உன்கூடவே இருப்பேன்."

"ஞாயித்துக்கிழமைகூட வேலை பாக்கறான்னியே, அந்தப் பையனா? கவர்மென்ட் ஆளு ஞாயித்துக்கிழமை வேலை பாத்து நம்ம ஊர்ல யாரு கண்டா! கண்ணு பட்டுடப் போவுது."

நர்ஸ் வந்து கட்டிலை நகர்த்தினாள். "மொய்ன் சார்!" என்று அந்த ஊர் வழக்கில் வணக்கம் சொன்னாள். "உங்க பூட்டுக்குக் காலைல புது அப்டேட் வந்துச்சாம். ஆபரேஷன் தியேட்டர் மெஷின் எல்லாத்துலயும் போட்டாச்சு."

"யோனாஸ் போட்டதும்மா. என் கை படாத மொத அப்டேட்!" என்றார் ஹென்னிங் பெருமையாக.

ஸில்கே கையசைத்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

சற்று நேரத்தில் ஒரு பெண்மணி கையில் கோப்புடன் விசாரித்துக்கொண்டு வந்தாள். "என் பேரு லோரன்சன். அரசு உதவித் திட்டத்துலேர்ந்து வர்றேன். வீட்டுக்குப் போனேன், இங்க இருக்கீங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க."

ஹென்னிங் எழுந்து அவள் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "மேடம், நீங்க மட்டும் யோனாஸை அனுப்பலைன்னா நான் செத்தே போயிருப்பேன். ரெண்டு வருஷமா என்னைத் தாங்கறான்."

அவள் கோப்பைத் திறந்தாள். முதல் தாளைப் பார்த்தாள், திருப்பி இன்னொரு தரம் பார்த்தாள்.

"சார், உங்க மனுவே நேத்துதான் பாஸாச்சு. நாங்க இன்னும் யாரையுமே அனுப்பலையே!"