முப்பாட்டன்மார் முன்னிலையில்

"கையை விடுங்க. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

பசிலியா சொன்னாளே தவிர, கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"யாரு பாக்கப்போறா? எல்லாரும் வெள்ளியில செஞ்ச லாமா மிருகத்தைப் பாக்க வந்தவங்க" என்றார் செனோபியோ.

பெரு நாட்டின் குஸ்கோ நகரில், இன்கா அருங்காட்சியகத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய பசிலியா, திருவிழாவுக்கு மட்டும் கட்டும் பச்சைப் பாவாடையில் வந்திருந்தாள். செனோபியோ தலையைப் படிய வாரியிருந்தார்.

"வீட்ல என்ன சொல்லிட்டு வந்தே?"

"சந்தைக்குப் போறேன்னு மருமககிட்ட சொன்னேன். நீங்க?"

"கால் வலின்னு போர்வையை இழுத்துப் போத்திப் படுத்துட்டேன். அப்புறம் பின்வாசல் வழியா நழுவிட்டேன்."

"இந்த வயசுல திருட்டுத்தனத்தைப் பாரு."

"சந்தைக்கு வந்த அம்மா, உருளைக்கிழங்கு எங்கே?"

பசிலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இங்கே பொத்த வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு நன்றாகவே சிரித்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மரக் கோப்பைகள் ஜோடி ஜோடியாக இருந்தன. "பாத்தியா, அந்தக் காலத்துல யாரும் ஒத்தையாக் குடிக்கமாட்டாங்க" என்றார் அவர். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"திரும்பாதீங்க. என் பையன் ரோனல் வர்றான். கூட எவளோ ஒருத்தி."

தொப்பியால் முகம் மறைத்த ஒரு பெண், ரோனலின் தோளில் சாய்ந்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"பட்டறையில வேலைன்னு சொன்னானே, பாவி. கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகலை. அங்க அந்தப் பொண்ணு இவனுக்காகச் சமைச்சுட்டு இருக்கா. போய் நாலு வார்த்தை கேக்கறேன்."

"நீ இங்க எப்படி வந்தேன்னு அவன் கேட்டா?"

பசிலியா எடுத்து வைத்த காலைப் பின்வாங்கினாள். இருவரும், பதப்படுத்திய பழங்காலச் சடலங்களான மம்மிகள் இருந்த இருட்டறைக்குள் ஒதுங்கினார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு முப்பாட்டன்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த ஊர்ல வம்பு பேசாதவங்க இவங்க மட்டும்தான்" என்று கிசுகிசுத்தார் செனோபியோ.

காலடிச் சத்தம் நெருங்கியது. அந்த ஜோடிக்கும் இருட்டறைதான் பிடித்திருந்தது போலும். நேருக்கு நேர் முட்டிக்கொண்டதில் அந்தப் பெண்ணின் தொப்பி கீழே விழுந்தது.

"அத்தை, நீங்க சந்தைக்குன்னு..." என்று திணறினாள் மருமகள் யெசிகா.

ரோனல் தன் அம்மாவையும், அவள் கையை இன்னும் விடாமல் நிற்பவரையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அந்தத் தட்டி மறைச்ச வீட்ல எங்களுக்குத்தான் தனியாப் பேச இடமில்லைன்னு இங்க ஓடிவந்தோம். உங்களுக்குமாப்பா?"

"அப்போ வீட்ல இப்ப யாருமே இல்லையா?" என்று யெசிகா மெல்லக் கேட்டு முடிப்பதற்குள், செனோபியோ தன் மனைவியை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடையைக் கட்டியிருந்தார்.