நூற்றுப் பத்துப் பந்துகள்

பிப்ரவரி 11, புதன். ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். கடற்காற்று பலமாக அடித்த மூன்று நாட்களும், வழக்கம்போல் பந்தடிப்பவனுக்குப் பின்னால் இல்லாமல், கோலுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். அந்த மூன்று நாள் பக்கங்களில் இடது வலதாகவும், வலது இடதாகவும் பதிவாகியிருக்கிறது.

காலையில் முதல் வேலையாகத் திருத்தினேன். திருத்தியதும் ஹான்சோலின் நிலைமை இன்னும் மோசமானது.

ஹான்சோலுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தோங்யோங் நகரக் கால்பந்து அணியில் சேரப் பன்னிரண்டு நாள் சோதனைக்கு வந்திருக்கிறான். தினமும் காலையில் பத்துப் பந்து அடிக்க வேண்டும், எதிரே கீப்பர் குவாங்தே அண்ணன். சீனியர்கள் எல்லாரும் மறுமுனைக் கோலில் இரண்டாவது கீப்பரோடு இருப்பார்கள். இந்தப் பக்கம் இவர்கள் இருவர், அணிக்குப் புள்ளிவிவரம் எழுதும் நான் நோட்டோடு.

இன்றையதையும் சேர்த்து நூற்றுப் பத்துப் பந்தில் ஒன்பது கோல். சில பந்துகள் நடுவே போயின, மற்றதெல்லாம் கீப்பரின் வலப்பக்கம். இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. இது திருத்தியபோதுதான் தெரிந்தது.

நூற்றிருபது இருந்திருக்க வேண்டும். குவாங்தே அண்ணன் பல்வலி என்று வராத ஒரு நாள் இரண்டாவது கீப்பர் நின்றார். அன்று ஏழு கோல். ஆள் மாறினால் ஒப்பிட முடியாது என்று அந்த நாளை அடித்துவிட்டேன். நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் புள்ளியியல் பாடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று இப்போதும் உறுதியில்லை.

இன்று கடைசி நாள். முதல் பந்தே நேராக குவாங்தே அண்ணனின் மடியில் போய் விழுந்தது.

"டேய் கடைக்குட்டி, கோல் அடிக்கச் சொன்னா எனக்கு ஊட்டி விடுறியா?"

"இல்லண்ணே."

"அக்காவைப் பாரு. உன் பேருக்கு நேரா முட்டை போட்டுப் போட்டுப் பேனாவே தீந்துபோச்சு."

ஹான்சோலின் காது சிவந்தது. பத்தும் முடிந்து, ஒரு கோல். நான் பொறுக்க மாட்டாமல் எழுந்து போனேன்.

"அந்தப் பக்கம் ஒண்ணாவது அடிச்சுப் பாரேன், ஹான்சோல்."

"எனக்கு இதான் வருதுக்கா."

தலை குனிந்து வணங்கிவிட்டு, தன் பையை ஒரு தோளிலும் குவாங்தே அண்ணனின் பையை மறு தோளிலும் மாட்டிக்கொண்டு போனான். மதியம் அண்ணனின் இறைச்சியைக் கத்தரியால் வெட்டித் தட்டில் வைத்ததும் அவன்தான். இருவருக்கும் ஒரே அறை, அவன்தான் இளையவன். எங்கள் அணியில் இதையெல்லாம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மூன்று மணிக்குப் பயிற்சியாளர் யோம் கூப்பிட்டார்.

"ஏம்மா, சுருக்கமா சொல்லு. தேறுவானா?"

"ஒரே பக்கம்தான் அடிக்கிறான் சார். ரெண்டு ஆட்டத்துல எல்லா கீப்பரும் கண்டுபிடிச்சுடுவாங்க."

"மத்தபடி?"

"ஓட்டம் நல்லா இருக்கு. முப்பது மீட்டர்ல நம்ம ஆளுங்க யாரும் அவனைப் பிடிக்க முடியல."

"ஓட்டப்பந்தயத்துக்கா ஆள் எடுக்கறேன்? எழுதிக் குடுத்துட்டுப் போ. அடுத்த வாரம் சந்திரப் புத்தாண்டு, வீட்டுக்காவது போய்ச் சேரட்டும். நீயே சொல்லிடும்மா."

சொன்னேன். எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்துக்கொண்டு போயிருந்தும், வாய்க்கு வந்தபடிதான் சொன்னேன்.

"பரவால்லக்கா," என்றான். "இங்க பன்னெண்டு நாளும் நல்ல சாப்பாடு." பிறகு, பூசான் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். ஆறரைக்கு என்றேன். வேறு அணி எதுவும் அவனைக் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அறைக்கு வந்து அறிக்கையை எழுதினேன். 'திறமை போதாது' என்று எழுதி, அடித்து, மறுபடியும் அதையே எழுதினேன். எண்களைத் திரும்பக் கூட்டினேன். ஒன்பது கோல் ஒன்பதாகத்தான் இருந்தது.

ஐந்தரைக்கு வகுப்புக்குக் கிளம்பும்போது குவாங்தே அண்ணன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"பையன் மூட்டை கட்டறான்."

"தெரியும்ணே."

"காலையில இருந்து எவ்வளவு கிண்டல் பண்ணிட்டேன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. இப்பகூட என் துணியையும் சேத்து மடிச்சு வெச்சுட்டுத்தான் போறான், முட்டாப்பய."

நான் வகுப்புக்கு நேரமாகிவிடுமே என்று கடிகாரத்தைப் பார்த்தது இப்போது வெட்கமாக இருக்கிறது.

"அந்தத் தாளைக் குடுத்துட்டியா?"

"போற வழியிலதான் குடுக்கணும்."

"எனக்கு வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்து. இன்னும் ஒரு வருஷம். அதுவரைக்கும் தள்ளிட்டாப் போதும்னு நெனச்சேன்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவர் தன் இடது கையை வலது கையால் பிடித்து, வேறு யாருடைய பொருளையோ தூக்குவதுபோல் மெல்லத் தூக்கி, என் அறிக்கையின் மேல் வைத்தார்.

"அந்தப் பக்கம் அடிக்காதேன்னு அவன்கிட்ட சொன்னது நான்தான், தங்கச்சி."

நாளைய வேலை: காலை எட்டு மணிக்கு குவாங்தே அண்ணனோடு யோம் சார் அறைக்குப் போக வேண்டும். ஒன்பது மணிக்கு ஹான்சோலுக்குப் பத்துப் பந்து.