கனமான அடுப்பு

பர்னரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள் என் மனைவி.

பக்கத்து அடுப்பின் பர்னரையும் கழற்றி மறு கையில் வைத்தாள்.

ஒன்று அலுமினியம். மற்றது பித்தளை.

நான் சற்றுத் தள்ளி நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்று பேருந்தை விட்டு இறங்கும்போதே முடிவு செய்திருந்தேன். வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்தான். ஜன்னல் வழியே இந்தக் கடையைப் பார்த்ததும், “இங்கயே இறங்கிடலாங்க” என்று எழுந்தவள் அவள்.

அவள் பித்தளையை எடுக்க வேண்டும். அன்று வேறெதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

கொஞ்ச காலமாகவே அவள் எதையும் சின்னதாகத்தான் வாங்கினாள். பற்பசையில் சின்னது. ஷாம்பு என்றால் ஒரு பாக்கெட். அறுந்த செருப்பைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். என் தங்கை இதற்குக் கஞ்சத்தனம் என்று பேர் வைத்திருந்தாள். நான் மறுத்ததில்லை.

வீட்டு அடுப்பில் ஒரு பக்கம் எரிவதே இல்லை. இன்னொரு பக்கம் மஞ்சளாக எரிந்து பாத்திரத்துக்குக் கரி பூசும், கேஸைக் குடிக்கும். வளையலில் தொங்கும் ஊக்கை எடுத்து, காலையில் முதல் வேலையாக அதன் துளைகளைக் குத்தி விடுவாள். புதிது வாங்கலாம் என்பேன். இருக்கிற வரைக்கும் இது போதும் என்பாள்.

இப்போது அடுப்பைக் கவிழ்த்து, காலை அசைத்துப் பார்த்தாள். தகட்டை விரலால் சுண்டினாள். குமிழைத் திருகிக் காட்டச் சொன்னாள்.

கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “அக்கா, அடுப்பு வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?”

“மாப்பிள்ளைய சரியா பார்க்காம கட்டிக்கிட்டேன். அடுப்பையாவது பார்த்து வாங்குறேன்.”

கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் கிண்டல் செய்து எவ்வளவு நாளாகிவிட்டது.

அவர் இரண்டையும் பற்றவைத்தார்.

காதைக்கூட மறைக்காத முடியை ஒதுக்கிக்கொண்டு, அவள் குனிந்து பார்த்தாள். அலுமினியத்தில் நுனி மஞ்சளாகத் துடித்தது. பித்தளையில் சுற்றிலும் ஒரே உயரத்தில், சத்தமே இல்லாமல், நீலம்.

“இதுல கேஸ் வீணாகாது. கொஞ்சம் விலைதான். ஆனா இருபது வருஷம் உழைக்கும்” என்றார் கடைக்காரர்.

அவள் நிமிர்ந்தாள்.

“இருபது வருஷமா?”

சுவரில் மாட்டியிருந்த ரப்பர் குழாய்களை எண்ணுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதோ, அலுமினியத்தை எடுக்கப் போகிறாள்.

“ஒரு வருஷம் குறைஞ்சாலும் நானே நேர்ல வந்து சண்டை போடுவேன். கடையை அடைச்சிட்டு ஓடிடக் கூடாது, சொல்லிட்டேன்.”

பித்தளையின் மேல் கை வைத்தாள்.

கடைக்காரர் பெட்டியில் கட்டுவதற்குள், வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றி மேசைமேல் போட்டாள். வேண்டாமா என்று அவர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்றார். நான் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம். இறக்கி வைக்கவே மனம் வரவில்லை.

“மறுபடியும் வாங்கக்கா!” என்று பின்னாலிருந்து கத்தினார் கடைக்காரர்.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

காலையில், ஆஸ்பத்திரியில், டாக்டரம்மா அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வேறு மாதிரி சொல்லியிருந்தார்.

“நோய் சுத்தமா போயிடுச்சு. இனிமே இந்தப் பக்கமே வராதீங்க.”