எலிக்கு வாங்கிய புகையிலை

காலை ஆறரை. வெளியே கார் பானெட் திறக்கும் சத்தம்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தாள்.

ஆபரேஷன் முடிந்து வந்து பல மாதம் அவள் கணவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். இடது கன்னத்தின் உள்பக்கத்தை எடுத்துவிட்டு, தொடைச் சதையை வைத்துத் தைத்திருந்தார்கள். பேச்சு குழறியது. அவளுக்கு மட்டும் புரிந்தது. போன் எடுப்பதை விட்டார். கடைத்தெருவுக்குப் போவதை விட்டார்.

புகையிலையை விட்டார்.

இனி அதைத் தொட்டால் அடுத்த முறை வெட்டி எடுக்க இடமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்புறம் ஒருநாள் தானாக எழுந்து போய் காரைத் துடைத்தார்.

மறுநாள் பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். வாசலின் களிம்பு தடவினார். அதற்கடுத்த நாள் ஆயில் குச்சியை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். ரேடியேட்டருக்குத் தண்ணீர். வைப்பருக்குத் தண்ணீர். வண்டி எங்கும் போகவில்லை. ஆனாலும் தினமும் பார்த்தார்.

முடித்ததும் வாசல் குழாயில் கை கழுவுவார். முகம் கழுவுவார். நெடுநேரம் வாய் கொப்பளிப்பார்.

மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அவள் மகளிடம் போனில் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

இன்று மதுரையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அவரே ஓட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவள் ஃபைலும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை.

மறுபடி திருப்பினார்.

இறங்கி பானெட்டுக்குள் குனிந்தார். ஒரு வயரை விரலால் தூக்கிக் காட்டினார். கடித்துத் துண்டாக்கியிருந்தது. கீழே எலிப் புழுக்கை.

கறுப்பு டேப் தேடி அவர் உள்ளே போனார்.

எலி எப்படி வரும்? அவள்தானே கட்டினாள்.

அவர் படுத்தே கிடந்து வண்டி சும்மா நின்ற நாட்களில் எலி இரண்டு முறை வயரைக் கடித்தது. எதிர்வீட்டு மரியபுஷ்பம்தான் வழி சொன்னாள். "பொகையிலைய முடிஞ்சு உள்ள தொங்கவிடுங்கக்கா. எங்க வண்டிப் பக்கம் ஒரு எலி அண்டாது."

அவள் கடைக்குப் போனாள். கடைக்காரர் தராசை எடுக்காமல் அவளையே பார்த்தார்.

"என்னக்கா, அண்ணன் மறுபடி ஆரம்பிச்சிட்டாரா?"

"எலிக்குப்பா."

"எலிக்குன்னா நல்ல காரமாவே தர்றேன். ஒருக்கா மோந்தா தெருவ விட்டே போயிரும்."

சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாள். பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்து நான்கு முடிச்சு. பானெட்டுக்குள் நான்கு மூலையிலும் கட்டியது அவள் கைதான்.

நான்கும் அப்படியே தொங்கின.

பேட்டரி பக்கத்து முடிச்சை மூக்கருகே கொண்டுபோனாள்.

வாசமே இல்லை.

அவிழ்த்தாள். உள்ளே வாழைச் சருகு. கொல்லையில் காய்ந்து தொங்குகிற சருகு. புகையிலை கிள்ளுகிற அதே அளவில் கிள்ளியிருந்தது. கனம் குறையாமல், துணி தொய்யாமல், பார்த்துப் பார்த்து நிரப்பியிருந்தது.

இரண்டாவதிலும் சருகு. மூன்றாவதிலும்.

நான்காவதில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. விரலில் காரம் ஏறியது. அவர் இன்னும் அந்த முடிச்சுக்கு வரவில்லையா, வேண்டாமென்று விட்டாரா, தெரியவில்லை.

உள்ளே மேஜை இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது.

திரும்பக் கட்டிவிட நேரம் இருந்தது. அவள் கட்டவில்லை. சருகைத் துணியோடு பேட்டரியின் மேல் விரித்து வைத்துவிட்டு விலகி நின்றாள்.

அவர் டேப்பும் ஒரு துண்டு வயரும் எடுத்து வந்தார். குனிந்தார்.

நிமிர நேரமானது.

கொண்டுவந்த துண்டு வயரைப் பல்லால் சீவ, பழைய வழக்கத்தில், வாயருகே கொண்டுபோனார். வாய் அந்த அளவுக்குத் திறக்காது. பிளேடை எடுத்தார். செம்பு தெரியும்வரை சீவினார். இரண்டு முனையையும் அறுந்த வயரோடு முறுக்கிச் சேர்த்தார். டேப்பைச் சுற்றினார். போதும் என்ற பிறகும் சுற்றிக்கொண்டிருந்தார்.

பேட்டரியின் மேல் இருந்ததை அவர் தொடவில்லை.

சாவியைத் திருப்பினார். வண்டி உறுமி நின்றது. இன்னொரு முறை. பிடித்துக்கொண்டது.

ஃபேன் சுற்றியதும் சருகுத் தூள் எழுந்து பறந்தது. அவர் சட்டையிலும் அவள் புடவையிலும் ஒட்டியது. எதிர்வீட்டு வாசலில் கோலப்பொடியோடு நின்ற மரியபுஷ்பம் கையசைத்தாள்.

"வண்டி கிளம்பிருச்சாண்ணே? நீங்களே சரி பண்ணிட்டீங்களே!"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பானெட்டை மூடினார். குழாயடிக்குப் போகவில்லை. கறுப்புக் கையோடு வந்து உட்கார்ந்தார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கியர் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாசல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறந்துதான் இருந்தது.

அவள் அவர் காலரில் ஒட்டியிருந்த சருகை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

"டாக்டர்ட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"