எளிலன் விழுந்த இடம்

அவள் விரல் அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது.

அழுத்தினால் போதும். பெயர் போய்விடும்.

எளிலன் விழுந்த இடம்.

யாரோ எழுதியிருக்கிறார்கள். முதல் தெரு வளைவில், மூடாத சாக்கடைக்கு நேராக. மூன்று பேர் சரி என்றும் சொல்லியாயிற்று.

எழிலன் அவள் புருஷன்.

ஐந்து தெருவுக்கும் சேர்த்து இந்த இணைய வரைபடத்தைச் செய்ததும் அவள்தான். அவன் போய் ஏழு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரு பேசியது. பேசட்டும். தெருவுக்கு வேறு வேலை என்ன.

மாநகராட்சி வைத்த பெயர்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் காலிப் பெட்டி ஒன்றை வைத்து, மேலே ஒரே ஒரு கேள்வி போட்டாள். இந்த இடத்தை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

கேட்டால் விடுவார்களா.

நாய் துரத்தும் முக்கு. ஓசியில் பேப்பர் படிக்கும் கடை. மேனேஜர் சொல்லாமல் காலி செய்த வீடு. ஒரே வாரத்தில் வரைபடம் நிரம்பிவிட்டது. ஒருவர் எழுதுவார், மூன்று பேர் ஒப்புக்கொண்டால் பெயர் நிற்கும். திருத்துவதற்கும் மூன்று பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். அது அவள் வைத்த விதி.

ரேஷன் கடை வாசலில் அவள் இதையெல்லாம் விளக்கிய அன்று, மாவு மில் சீனியம்மாள் மட்டும் நம்பவில்லை.

"நாங்க எளுதுனது ஒனக்குப் பிடிக்கலைன்னா அளிச்சுப்பிடுவியா தாயி?"

அழிக்கிற பொத்தானே வைக்கவில்லை என்று சொன்னாள்.

வைத்திருந்தாள். அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

இன்று காலை அவள் பால் வாங்கப் போனாள். டீக்கடையில் நாலு பேர் நாலு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் இருக்குமா, போகுமா. அதுதான் பார்த்தார்கள்.

அவள் மறுபடி படித்தாள்.

விழுந்த என்பதை ஒழுங்காக எழுதத் தெரிந்திருக்கிறது. பெயர்தான் கூப்பிட்டபடியே வந்திருக்கிறது.

பால்காரரிலிருந்து பூசாரி வரை எல்லோருக்கும் அவன் எளிலன்தான். அவனும் விடமாட்டான். வாயைத் திறந்து, நாக்கை மடித்துக் காட்டுவான். மாவு அரைக்கப் போன இடத்தில்கூடப் பாடம். சீனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

கடைசி நாளும் அப்படித்தான். எளிலந் தம்பி, மழை விட்டதும் போங்க என்று மில்லுக்குள்ளிருந்து கத்தியிருக்கிறார். வண்டியை நிறுத்தினான். ழ என்று திருத்தினான். போய்விட்டான்.

அடுத்தது அந்த வளைவு.

அவள் விரலை எடுத்தாள்.

இணையப் பக்கத்தின் நிரலுக்குள் போய், முதலில் சிவப்புப் பொத்தானை நீக்கினாள். அன்று சொன்ன பொய் உண்மையாயிற்று.

பிறகு பெயருக்கு வந்தாள். ஒரே ஓர் எழுத்தை மாற்றினாள்.

மூன்று பேர் ஒப்புக்கொண்டால் மாறும், என்றது பெட்டி.

அவளே எழுதி வைத்த வாக்கியம். காத்திருந்தாள்.

டீக்கடையிலிருந்து ஒரு சம்மதம் வந்தது. கொஞ்சம் கழித்துப் பூசாரி.

அப்புறம் வரவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எதிரே மில்லில் மிஷின் நின்றிருந்தது. வாசலில் சீனியம்மாள், மாவு படிந்த கையில் போனைத் தள்ளிப் பிடித்தபடி.

வாய் திறந்திருந்தது.

உள்ளே நாக்கு, மெல்ல, மேலே மடிந்துகொண்டிருந்தது.